ஃப்ளோரன்ஸ் முதல் பயணம்: நான்கு நாள், எதை எந்த வரிசையில் பார்ப்பது?

#1 · நெடுநாள்கனவு

வணக்கம். ஃப்ளோரன்ஸுக்கு முதல் பயணம். சனி இரவு இறங்குகிறோம். ஞாயிறு முதல் புதன் வரை நான்கு முழு நாள். இரண்டு பேர். ஒருவருக்கு முழங்கால் வலி, ஐம்பது அறுபது படிக்கு மேல் முடியாது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இல்லை. பார்ப்பதைப் புரிந்து பார்க்க வேண்டும்.

கேள்விகள் மூன்று. ஞாயிறு 2ஆம் தேதி வருகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம் என்கிறார்களே, உஃபிட்சியை அன்றைக்கே வைத்துக்கொள்ளலாமா? பேராலயத்தில் குவிமாடம் ஏறுவதா, மணிக்கூண்டு ஏறுவதா? மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையை முதலில் பார்ப்பதா, கடைசியிலா?

#2 · வழித்துணை

முதல் கேள்விக்குப் பதில்: வேண்டாம். இலவச ஞாயிறன்று உஃபிட்சிக்கு முன்பதிவு கிடையாது. மற்ற நாளில் ஆளுக்கொரு நேரம் என்று பிரிந்து வருகிற கூட்டம் அன்று மொத்தமாக ஒரே வரிசையில் நிற்கும். மிச்சமாவது ஆளுக்கு 25 யூரோ, போவது அரை நாள். நான்கே நாள் இருப்பவர் செய்யக் கூடாத பேரம்.

இந்த ஊரில் ஆசையை வைத்துத் திட்டம் போட முடியாது. கிழமையை வைத்துத்தான் போட வேண்டும். உஃபிட்சி, டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியா இரண்டும் திங்கள் விடுமுறை. மெடிச்சி ரிக்கார்டி அரண்மனை புதன் விடுமுறை. பிரன்காச்சி சிற்றாலயம் செவ்வாய் விடுமுறை. வெக்கியோ அரண்மனை வியாழனன்று மதியம் 2 மணியோடு சரி. சாந்தா மரியா நொவெல்லா தேவாலயம் வெள்ளியன்று தாமதமாகத் திறக்கும், ஞாயிறன்று மதியத்துக்கு மேல்தான். சாந்தா குரோச்சே தேவாலயமும் ஞாயிறு மதியத்துக்கு மேல். பேராலயத்துக்குள் ஞாயிறன்று வழிபாட்டுக்கு வருபவர்களைத் தவிரப் பார்வையாளர்களை விடுவதில்லை. சிறிய தேவாலயங்கள் பல, நடுப்பகலில் பூட்டிவிட்டு மாலையில்தான் திறக்கும். டிக்கெட் வாங்கும் முன் அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்தில் அந்த வாரத்து நேரத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

டிக்கெட்டையும் அங்கேயே வாங்குங்கள். தேடினால் மேலே வருவதில் பாதி இடைத்தரகர் தளங்கள். அதே டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். நேரம் மாற்ற வேண்டுமென்றால் கைவிரிப்பார்கள்.

#3 · சாரக்கட்டு

குவிமாடம். கட்டடக்கலைக்காகப் போகிறவர் என்றால் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

காரணம் காட்சி அல்ல. ஏறும் வழியே கட்டுமானத்துக்குள் போகிறது. எந்த வளைவைக் கட்டினாலும் கீழே சென்ட்ரிங் அடித்து, கலவை இறுகும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். இங்கே திறப்பின் அகலம் ஏறத்தாழ 45 மீட்டர். அவ்வளவு உயரத்தில் அவ்வளவு அகலத்துக்கு மரத்தில் சென்ட்ரிங் அடித்தால் செங்கல் ஏறுமுன் தன் எடையிலேயே அது தொய்ந்துவிடும். பேராலயம் 1296இல் அர்னோல்ஃபோ தி காம்பியோ தொடங்கியது. நடுவில் பெரிய ஓட்டையோடு தலைமுறை தலைமுறையாக நின்றது. புருனெல்லெஸ்கி 1420இல் சென்ட்ரிங் இல்லாமலே வேலையைத் தொடங்கி 1436இல் முடித்தார்.

எப்படி? மேலே போகப் போக ஒவ்வொரு வரிசையும் உள்பக்கம் சாயும். புதிதாக வைத்த செங்கல், கலவை இறுகுவதற்குள் வழுக்கப் பார்க்கும். அதனால் படுக்கையாகச் சில கல் வைத்து, இடையில் ஒரு கல்லை நிமிர்த்தி நட்டார்கள். நிமிர்ந்த கல் தன் வரிசையைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு நிமிர்ந்த கல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்ட படுக்கைக் கற்கள் எங்கும் போக முடியாது. அடுத்த வரிசையில் நிமிர்ந்த கல் ஒரு கல் தள்ளி வரும். இப்படியே போனால் சுவர் முழுக்க மீன்முள் போலச் சாய்கோடுகள் சுற்றி ஏறும். ஏறும் வழியில் பூச்சு இல்லாத இடங்களில் நின்று பாருங்கள், செங்கலில் அந்தக் கோடு தெரியும். நாற்பது லட்சத்துக்கு மேல் செங்கல் போன கட்டடத்தின் ரகசியம் முழுவதும் அந்த ஒரு சதுர அடியில் இருக்கிறது.

மொத்தம் 463 படி, லிஃப்ட் கிடையாது. முதலில் சுழல்படி, பிறகு உள்விளிம்பு நடைபாதை. அங்கே வசாரியும் சுக்காரியும் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் தலைக்கு மேல், முகங்கள் பூதாகரமாக. அதன்பின் உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவில் நுழைகிறீர்கள். குவிமாடம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடு. ஒருபக்கச் சுவர் உங்கள் மேல் கவிந்து வரும், மறுபக்கம் விலகிப் போகும். கடைசிப் பகுதி உள் ஓட்டின் முதுகின் மேலேயே செங்குத்தான படி. குறுகலான இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஏற வேண்டாம். பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், பாதியில் திரும்புவது கஷ்டம்.

#4 · உளிச்சத்தம்

சாரக்கட்டு சொல்வது கட்டடத்தின் உள்ளைப் பார்க்க. ஆனால் குவிமாடத்தின் மேல் நின்றால் ஊர் முழுக்கத் தெரியும், குவிமாடம் மட்டும் தெரியாது. ஜோட்டோ மணிக்கூண்டில் 414 படி. நடுநடுவே மூச்சு வாங்கத் தளங்கள் உண்டு. ஒவ்வொரு தளத்திலும் எதிரே சிவப்பு ஓடு வேய்ந்த குவிமாடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் மட்டத்துக்கு வரும். வெள்ளை விலா எட்டும் மேலே விளக்குமாடத்தில் போய்க் கூடுகிற அழகு இங்கிருந்துதான் தெரியும். முன்பதிவும் இவ்வளவு நெருக்கடி இல்லை.

#5 · வழித்துணை

இரண்டும் சரிதான், ஆனால் 3ஆம் பதிவைப் படித்துவிட்டு நேரே போய் நிற்காதீர்கள். குவிமாடத்துக்குப் 'புருனெல்லெஸ்கி பாஸ்' என்ற 30 யூரோ டிக்கெட் மட்டுமே செல்லும். தேதியும் நேரமும் குறித்துத்தான் தருவார்கள். மக்கள் அதிகம் வரும் மாதங்களில் வாரக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும். மணிக்கூண்டு வரை போதும் என்றால் 'ஜோட்டோ பாஸ்', 20 யூரோ. ஏறவே வேண்டாம் என்றால் 'கிபெர்ட்டி பாஸ்', 15 யூரோ: ஞானஸ்நான மண்டபம், பேராலய அருங்காட்சியகம், அடித்தளத்துப் பழைய ஆலயம் மூன்றும் அதில் வரும். மூன்று பாஸுமே மூன்று நாளைக்குச் செல்லும். ஏறும் நேரம் மட்டும் குறித்த நேரம்.

முழங்கால் வலி உள்ளவருக்குக் கிபெர்ட்டி, மற்றவருக்குப் புருனெல்லெஸ்கி என்று தனித்தனியாக வாங்கலாம்.

அங்கே ஆட்கள் தவறும் இடம் இரண்டு. ஒன்று, முகப்பு வரிசையில் நின்றுவிடுவது. அது பேராலயத்துக்குள் இலவசமாகப் போகிற வரிசை. குவிமாடத்துக்கு வழி வடபக்கச் சுவரில் தனிக் கதவு. இரண்டு, முதுகுப்பை. பையோடு ஏற விடமாட்டார்கள்; சதுக்கத்திலேயே உள்ள பைக் காப்பகத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும். அங்கேயும் வரிசை இருக்கும். அரைமணி முன்னால் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கோடையில் மெல்லிய துண்டு ஒன்று கையில் இருந்தால் போதும்.

#6 · நெடுநாள்கனவு

நன்றி. கிபெர்ட்டி செய்த வெண்கலக் கதவுகள் ஞானஸ்நான மண்டபத்தின் வெளியில்தானே? அதற்கு டிக்கெட் எதற்கு?

#7 · உளிச்சத்தம்

வெளியில் நிற்பவை நகல்கள். அசல் கதவு மூன்றும் (அவற்றில் இரண்டு கிபெர்ட்டியுடையவை) பேராலய அருங்காட்சியகத்துக்குள் இருக்கின்றன. வெளியில் நகலைப் படம் எடுத்துவிட்டு அசலைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் ஏராளம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த ஊரில் திறந்தவெளியில் எது அசல், எது நகல்? சிஞ்ஞோரியா சதுக்கத்து டேவிட் நகல், 1910இல் வைத்தது; அசலை 1873இலேயே அக்காதெமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே வெக்கியோ அரண்மனை வாசலில் டொனாடெல்லோவின் ஜூடித் சிலை நகல், அசல் அரண்மனைக்கு உள்ளே. ஓர்சான்மிக்கேலே தேவாலயத்தின் வெளிமாடத்துச் சிலைகளும் நகல். அசல் அதே கட்டடத்தின் மேல்தளத்தில். டொனாடெல்லோவின் புனித ஜார்ஜ் மட்டும் பார்ஜெல்லோ சிற்ப அருங்காட்சியகத்தில். ஆனால் சதுக்கத்தின் ஓரத்துத் திறந்த மண்டபமான லொஜ்ஜியாவில் நிற்கும் செல்லினியின் வெண்கலப் பெர்சியஸ், ஜாம்போலோஞ்ஞாவின் சபீன் பெண் கடத்தப்படும் சிலை இரண்டும் அசல். டிக்கெட் இல்லை, கதவு இல்லை. ஜாம்போலோஞ்ஞா சிலைக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. மூன்று உடலும் ஒரே பளிங்கில் திருகிக்கொண்டு மேலே போகும். ஒரு முழுச் சுற்று நடந்து பார்க்க வேண்டும்.

இனி கதவுகள். 1401இல் போட்டி வைத்தார்கள்: ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலி கொடுக்கப்போகும் காட்சியை ஒரு வெண்கலப் பலகையில் வடிக்க வேண்டும். புருனெல்லெஸ்கியின் பலகையும் கிபெர்ட்டியின் பலகையும் பார்ஜெல்லோவில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. அங்கே இருபது நிமிடம் நில்லுங்கள். புருனெல்லெஸ்கியிடம் கத்தி ஏற்கெனவே கழுத்தில். தேவதூதன் ஆபிரகாமின் மணிக்கட்டைப் பாய்ந்து பிடிக்கிறான். கிபெர்ட்டியிடம் கத்தி இன்னும் காற்றில்; ஈசாக்கின் உடம்பு பழங்காலச் சிற்பம் போல வழவழப்பு. வார்ப்பிலும் வேறுபாடு. கிபெர்ட்டி ஏறக்குறைய முழுவதையும் ஒரே வார்ப்பில் எடுத்தார். மற்றவர் துண்டு துண்டாக வார்த்துப் பலகையில் பொருத்தினார். வெண்கலமும் கிபெர்ட்டிக்குக் குறைவாகத்தான் ஆனது. வென்றவர் அவர்.

அந்தப் பலகைகளைப் பார்த்துவிட்டு, பிறகு அருங்காட்சியகத்தில் அவர் 1425 முதல் 1452 வரை செய்த பொன்முலாம் பூசிய 'சொர்க்க வாசல்' கதவுக்கு வாருங்கள். ஒரே ஆளின் கை அரை நூற்றாண்டில் எங்கிருந்து எங்கே போனது என்று தெரியும். முன்னால் உள்ள உருவங்கள் பலகையை விட்டு வெளியே எழுந்து நிற்கும், பின்னால் உள்ளவை நகத்தால் கீறிய அளவுக்குத் தட்டையாகிவிடும். என் பரிந்துரை: முதலில் பார்ஜெல்லோ, பிறகு பேராலய அருங்காட்சியகம், கடைசியில் டேவிட்.

#8 · சாரக்கட்டு

அருங்காட்சியகத்தைப் பற்றி ஒன்று. முழங்கால் வலி உள்ளவருக்கு ஊரிலேயே நல்ல இடம் அதுதான். லிஃப்ட் உண்டு. மேல்தளத்து மொட்டைமாடிக்குப் போனால் குவிமாடம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். கீழே பெரிய கூடத்தில் பேராலயத்தின் பழைய, முடிக்கப்படாத முகப்பை முழு அளவில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அசல் கதவுகள் அதற்கு எதிரே. வெளியில் இன்று பார்க்கும் முகப்பு 1887இல்தான் முடிந்தது; பலர் அதை இடைக்காலத்து வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஞானஸ்நான மண்டபத்தின் உட்கூரை மொசைக்கில் 2023இல் பழுதுபார்ப்பு தொடங்கியிருக்கிறது, பல வருட வேலை. உள்ளே சாரம் நிற்கும். முழுக் கூரையும் தெரியும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

#9 · ஈரச்சுண்ணம்

இதுவரை கல்லும் வெண்கலமும்தான் பேச்சு. சுவரோவியத்தைச் சேர்க்கிறேன். இதற்கு வேண்டியவை இரண்டு: சின்ன பைனாகுலர், சட்டைப்பையில் சில்லறை. சாந்தா ஃபெலிச்சிதா தேவாலயத்தில் பொந்தோர்மோ, சாந்தா திரினிதா தேவாலயத்தில் கிர்லாந்தாயோ, இருவரின் ஓவியங்களும் இருட்டில் இருக்கும். காசு போட்டால் விளக்கு எரியும், சற்று நேரத்தில் அணைந்துவிடும். ஒரு யூரோ, ஐம்பது சென்ட் காசுகளைக் காபிக் கடையிலேயே சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஈரச் சுண்ணப் பூச்சின் மேல், தண்ணீரில் குழைத்த நிறத்தை வைத்தால் பூச்சு காயும்போது நிறமும் அதோடு கல்லாகிவிடும். ஒரு நாளைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுதான் பூச்சு பூசுவார்கள். கூர்ந்து பார்த்தால் ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையில் மயிரிழை ஓரம் தெரியும். சில நீலங்களை மட்டும் காய்ந்த பிறகு பசை சேர்த்துத்தான் வைக்க முடியும். அதனால்தான் பல இடங்களில் சிவப்பும் காவியும் நேற்றுப் போட்டது போல இருக்க, மாதாவின் நீல அங்கி மட்டும் உதிர்ந்து கறுத்துக் கிடக்கிறது.

சாந்தா மரியா நொவெல்லாவில் மசாச்சோவின் 'திரித்துவம்', 1427 வாக்கில். தட்டைச் சுவரில் ஒரு வளைகூரை மண்டபம் உள்ளே போகிறது என்று கண் நம்பும். அதன் கோடுகள் எல்லாம் போய்க் கூடும் புள்ளி நிற்பவரின் கண் உயரத்துக்குப் பக்கத்தில், சிலுவையின் அடியில் இருக்கிறது. ஆகவே ஒட்டி நின்று பார்க்காதீர்கள். நடுவில் நேராக, சில மீட்டர் பின்னால் போய் நில்லுங்கள், கூரை 'திறக்கும்'. பிறகு கிட்டே வந்து பைனாகுலரில் பாருங்கள்: வளைகூரைக் கட்டங்களுக்கு ஈரப் பூச்சில் கீறிய கோடுகள் இன்னும் இருக்கின்றன.

சான் மார்கோ மடத்தை விட்டுவிடாதீர்கள். மேல்தளத்தில் துறவிகளின் அறைகள், அறைக்கொரு ஓவியம், ஃப்ரா ஆஞ்செலிகோவும் அவர் கூட்டாளிகளும் வரைந்தவை. நடைபாதையில் 'நிழல்களின் மாதா' என்று ஒன்று. வரைந்த தூண்களின் தலைப்பகுதிக்கு நிழலும் வரைந்திருக்கிறார். அந்த நிழல் விழும் பக்கம், நடைபாதைக் கோடியில் உள்ள நிஜ சன்னலின் வெளிச்சம் வரும் திசைக்குப் பொருந்தும். காலையில் போய் நின்றால் சுவருக்குள் எரிவதும் சன்னலில் வருவதும் ஒரே வெளிச்சம். மதியம் 1.50க்கே மூடிவிடுகிற வழக்கம் உள்ள இடம், காலையிலேயே போய்விடுங்கள். மேல்தளத்துக்கு ஒரு மாடிப்படிதான்; ஏறி நிமிர்ந்தால் எதிரே, தேவதூதன் மாதாவிடம் செய்தி சொல்லும் மங்கள வார்த்தை ஓவியம்.

#10 · நெடுநாள்கனவு

டேவிட்டைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்குக் காரணம்?

#11 · உளிச்சத்தம்

அது தனியாக வந்த சிலை அல்ல என்பதால். பார்ஜெல்லோவில் டொனாடெல்லோவின் வெண்கல டேவிட்: சின்னப் பையன், வெற்றி முடிந்துவிட்டது, வீழ்த்திய அரக்கன் கோலியாத்தின் தலை காலடியில். மைக்கேலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கியதில் கோலியாத்தின் தலை இல்லை, வெற்றி இல்லை. சண்டை இனிமேல்தான். முன்னதைப் பார்த்திருந்தால்தான் பின்னது செய்த மாற்றம் உறைக்கும்.

அக்காதெமியாவில் எல்லாரும் நேரே 5.17 மீட்டர் சிலையைப் பார்த்து ஓடுவார்கள். வழியின் இருபுறமும் மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட 'கைதிகள்' சிலைகளாக நிற்பார்கள். அவர்களிடம் முதலில் நில்லுங்கள். பற்கள் கொண்ட உளியின் இணைகோடுகள் தோளைச் சுற்றி வளைந்து போவது அப்படியே தெரியும். உளி எந்தப் பக்கமிருந்து வந்தது, கல்லுக்குள் உடம்பு எங்கே இருக்கிறது என்று அவர் எப்படித் தேடினார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பிறகு டேவிட்டின் மெருகைப் பாருங்கள்.

டேவிட்டைப் பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். முன்னிருந்து பார்த்தால் தெரியாத ஒன்று தெரியும்: உடம்பு ஒல்லி. அந்தப் பளிங்கு வேறு சிற்பிகள் வெட்டிப் பார்த்துக் கைவிட்டு, பல பத்தாண்டுகள் கிடந்த கல், கனம் குறைவு. வலது கால் பின்னால் உள்ள மரக்கட்டை அலங்காரம் அல்ல, எடை தாங்கி. இடது கையில் ஒட்டுப்போட்ட இடங்களும் தெரியும். 1527 கலவரத்தில் அரண்மனையிலிருந்து எறிந்த இருக்கை விழுந்து உடைந்த கை அது.

#12 · ஈரச்சுண்ணம்

உஃபிட்சிக்கும் இதே முறை நல்லது. ஓவியங்கள் மேல்தளத்தில் தொடங்கும். படி அதிகம், முழங்கால் வலி என்று நுழையும்போதே சொன்னால் லிஃப்ட் காட்டுவார்கள். தண்ணீர் பாட்டில் அரை லிட்டருக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். முதல் அறைகளில் சிமாபுவே, துச்சோ, ஜோட்டோ மூவரின் பெரிய மாதா ஓவியங்கள் ஒரே இடத்தில் இருக்கும். பலர் போட்டிச்செல்லியின் ஓவியங்களைத் தேடி அதைத் தாண்டி ஓடுகிறார்கள். அங்கே அரைமணி செலவழியுங்கள்: ஜோட்டோவின் மாதாவுக்கு மட்டும் முழங்கால் அங்கிக்குள் கனத்து நிற்கும். காலை 8.15க்கு முதல் நேரம் எடுத்தால், போட்டிச்செல்லி அறைகள் நிரம்பும் முன் அங்கே போய்விட்டு மறுபடி முதல் அறைக்குத் திரும்பலாம். இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு மேல் கண் எதையும் வாங்காது.

#13 · வழித்துணை

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரயில் டிக்கெட்டிலும் பலகையிலும் ஊர் பெயர் 'ஃபிரென்ட்சே'. இறங்க வேண்டியது சாந்தா மரியா நொவெல்லா நிலையம். ஊருக்குள் வேறு பெயரில் இன்னும் நிலையங்கள் இருக்கின்றன, முன்னாலேயே இறங்கிவிடாதீர்கள். உள்ளூர் ரயிலில் காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இல்லையென்றால் அபராதம். விமான நிலையத்திலிருந்து டி2 டிராம், இருபது நிமிடம் போல ஆகும்.

முகவரியில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே தெருவில் இரண்டு வகை வீட்டு எண். கடைகளுக்குச் சிவப்பு, வீடுகளுக்கு நீலம் அல்லது கறுப்பு. இரண்டும் தனித்தனி வரிசை. சிவப்பு 38ஐத் தேடிக்கொண்டு கறுப்பு 38 முன்னால் நிற்பார்கள். இரண்டுக்கும் நடுவே நூறு மீட்டர்கூட இருக்கலாம். தங்குமிடம் என்ன நிறம் என்று முன்பே கேட்டுவையுங்கள், இரவில் இறங்குகிறவர்களுக்கு இது முக்கியம்.

#14 · நெடுநாள்கனவு

எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட திட்டம் இது. பாருங்கள்.

ஞாயிறு: காலை பார்ஜெல்லோ, சிஞ்ஞோரியா சதுக்கம், லொஜ்ஜியா, மதியம் சாந்தா குரோச்சே, மாலை சான் மினியாத்தோ தேவாலயம்.
திங்கள்: காலை பேராலயம், ஒருவர் மட்டும் குவிமாடம்; மெடிச்சி அரண்மனை; மதியம் சாந்தா மரியா நொவெல்லா.
செவ்வாய்: காலை 8.15 உஃபிட்சி, மதியம் பேராலய அருங்காட்சியகம்.
புதன்: அக்காதெமியா 8.15, சான் மார்கோ, மதியம் பிரன்காச்சி.

#15 · வழித்துணை

ஞாயிறு பார்ஜெல்லோ நல்ல யோசனை. இலவச நாளிலும் உஃபிட்சி அளவுக்கு அங்கே கூட்டம் அலைமோதாது. திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். சான் மினியாத்தோ மலைமேல் இருக்கிறது, பக்கம்வரை பேருந்து போகும். ஆனால் வாசல் முன் படிக்கட்டு உண்டு, முழங்காலைப் பார்த்து முடிவெடுங்கள்.

செவ்வாய் மதியம்தான் உதைக்கிறது. பேராலய அருங்காட்சியகம் ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய் மூடல். ஞாயிறு 2 என்றால் செவ்வாய் 4, அதுவே முதல் செவ்வாய்.

#16 · சாரக்கட்டு

சாந்தா மரியா நொவெல்லாவைச் செவ்வாய்க்குத் தள்ளுங்கள். அருங்காட்சியகம் திங்களன்றே. மெடிச்சி அரண்மனையைத் திங்களிலேயே வைத்திருங்கள், புதன் கிடைக்காது. இன்னொரு லாபம்: ஒருவர் குவிமாடம் ஏறும் நேரத்தில் மற்றவர் அருங்காட்சியக மொட்டைமாடியில் உட்கார்ந்து, மேலே விளக்குமாடத்தின் அடியில் ஆட்கள் புள்ளி புள்ளியாக வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

#17 · நெடுநாள்கனவு

மாற்றிவிட்டேன். குவிமாடம் திங்கள் காலை 11 மணிக்கு ஒரு புருனெல்லெஸ்கி, ஒரு கிபெர்ட்டி வாங்கியாகிவிட்டது. தங்குமிடத்துக்கு எழுதிக் கேட்டேன்: கறுப்பு எண்.